பழைய பென்ஸ் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: ஆயில் மாற்றுவது முதல் வேக்குவம் பார்ப்பது வரை

பழைய பென்ஸ் ஆட்டோமேட்டிக் ஒன்றை வாங்கி வேலூருக்கு ஓட்டி வந்தவருக்குப் பட்டறையில் கிடைக்கும் முதல் அறிவுரை, “கியர்பாக்ஸை மட்டும் தொடாதீங்க சார், ஓடுற வரைக்கும் ஓடட்டும்” என்பதுதான். சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. லாரி, பஸ், டிராக்டர், அம்பாசடர் என்று இந்தப் பக்கம் கை பழகியதெல்லாம் கிளட்ச் வண்டி. ஆட்டோமேட்டிக் அவரிடம் வருவதே, எஞ்சின் சுற்றியும் வண்டி இழுக்காமல் வழுக்க ஆரம்பித்த பிறகுதான். அப்போது ஆயிலை மாற்றுவார்கள், கொஞ்ச நாளில் வண்டி நின்றுவிடும், பழி புது ஆயில் தலையில் விழும். ஆட்டோமேட்டிக் பெட்டிக்குள்ளும் கிளட்ச் தகடுகள் உண்டு; தேய்ந்துபோன தகட்டை எந்த ஆயிலும் மீட்காது. ஆனால் தேயாத தகட்டைத் தேயாமல் வைத்திருப்பது ஆயில்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ‘கியர்பாக்ஸ் போச்சு’ என்று தீர்ப்பெழுதும் முன் பார்க்க வேண்டியவை பெட்டிக்கு வெளியே நிறைய இருக்கின்றன: ஆயில் அளவு, வேக்குவம் (வெற்றிட உறிஞ்சல்) குழாய், பெடல் கேபிள், மவுண்டிங் ரப்பர். இவை எல்லாமே பெட்டியை இறக்காமல் கையெட்டும் தூரத்தில் சரிசெய்யக்கூடியவை. பெட்டியைப் பிரிப்பது கடைசி வேலை.

இங்கே சொல்வது டபிள்யூ 123, டபிள்யூ 124 என்று கம்பெனி பெயரிட்ட பென்ஸ் உடல்களில் வரும் நான்கு வேக ஆட்டோமேட்டிக்குக்கு, அதாவது 722.3, 722.4 வகைகளுக்கு. டபிள்யூ 123 என்பது 1970களின் நடுவிலிருந்து 1986 வரை வந்த வண்டி. டபிள்யூ 124 நம் நாட்டிலேயே 1995 முதல் புனேயில் பூட்டப்பட்டது. இம்பாலா போன்ற அமெரிக்க வண்டி வைத்திருப்பவர்களுக்கும் கொள்கை ஒன்றுதான். அளவுகளும் போல்ட் சைஸும் வேறு, அவற்றை அந்த வண்டியின் மேனுவலில் பாருங்கள். டபிள்யூ 123-இன் ஆரம்ப கால வண்டிகளில் 722.1 இருக்கலாம். அதற்கு ஃபில்டரும் வேறு, அளவும் வேறு. ஆகவே எதை ஆர்டர் செய்வதற்கு முன்பும் வண்டிக்கு அடியில் படுத்து, ஆயில் பேனுக்கு (பெட்டியின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) சற்று மேலே கேஸ் ஓரத்தில் அடித்திருக்கும் எண்ணை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் படியுங்கள். 722 என்று தொடங்கும் அந்த எண்ணையும் சேசிஸ் எண்ணையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் கடைக்காரரிடம் வாதாட வேண்டியதில்லை.

வாங்க வேண்டியவை

வேலூர்க்காரருக்கு ஒரு வசதி உண்டு. ஒரு பக்கம் சென்னை ஜி.பி. ரோடு, மறுபக்கம் பெங்களூரு ஜே.சி. ரோடு, இரண்டுக்கும் காலையில் கிளம்பினால் இரவு வீடு திரும்பிவிடலாம். ஃபில்டர், பேன் பேக்கிங் சேர்ந்த கிட்டாக வாங்குங்கள். ஃபெபி, மான், ஹெங்ஸ்ட் போன்ற பெயர்களில் கிடைக்கும். டிரெய்ன் ப்ளக்குகளுக்குப் புது வாஷர் இரண்டு வேண்டும்: ஒன்று பேனுக்கு, ஒன்று டார்க் கன்வெர்ட்டருக்கு, அதாவது எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியே பெட்டிக்குக் கடத்தும் உருளைக்கு. பழைய வாஷரைத் திருப்பிப் போட்டு ஒப்பேற்றும் பழக்கம் இங்கே வேண்டாம்.

ஆயிலில்தான் அதிகம் ஏமாறுவது. கடையில் “ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) கொடுங்க” என்றால், லாரி, பஸ் பவர் ஸ்டீயரிங்குக்கு விற்கும் சிவப்பு ஆயில் கேனை எடுத்து வைப்பார்கள். அதில் ‘டைப் ஏ’ என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள். டைப் ஏ சஃபிக்ஸ் ஏ என்பது ஜெனரல் மோட்டார்ஸ் 1957-இல் கொண்டுவந்த தரம். அதற்குப் பிறகு 1967-இல் டெக்ஸ்ரான் வந்து, டெக்ஸ்ரான் 2, 3 என்று வளர்ந்துவிட்டது. உங்கள் பெட்டிக்கு வேண்டியது டெக்ஸ்ரான் 2டி அல்லது 3 தரம், அல்லது மெர்சிடிஸ் 236.6, 236.7 என்று குறிப்பிட்ட ஆயில். டெக்ஸ்ரான் 3-க்கான உரிமம் வழங்குவதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006-ஓடு நிறுத்திவிட்டதால் இப்போது கேனில் ‘டெக்ஸ்ரான் 3-க்கு ஏற்றது’ என்றுதான் இருக்கும். நல்ல கம்பெனி என்றால் போதும். இன்றைய 6, 7 வேகப் பெட்டிகளுக்கான மெல்லிய ஆயிலை, விலை அதிகம் என்பதால் உசத்தி என்று நினைத்து ஊற்றக்கூடாது.

பேனையும் கன்வெர்ட்டரையும் இரண்டையும் வடித்தால் 722.4-க்கு ஏறக்குறைய 5.5 லிட்டர், 722.3-க்கு 6.2 லிட்டர் பிடிக்கும். 8 லிட்டர் வாங்கி வைத்தால் நடுவில் ஓட வேண்டாம்.

கருவிகளில் முக்கியமானது 5 எம்.எம். ஆலன் கீ. சாக்கெட்டில் மாட்டும் பிட் வகையாக, நல்ல எஃகில் இருக்கட்டும். பிறகு 13 சாக்கெட், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், எஞ்சினைச் சுற்ற 27 சாக்கெட், சிறிய டார்க் ரெஞ்ச், டிப்ஸ்டிக் குழாய்க்குள் நுழையும் அளவுக்கு மெல்லிய நீள் கழுத்துப் புனல், அளவுக் கோடு போட்ட பக்கெட்.

துடைக்கப் பனியன் வேஸ்ட் கூடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பட்டறையில் முதலில் கைக்கு வருவது அதுதான். அதிலிருந்து உதிரும் ஒரு நூலிழை, ஆயிலைத் திருப்பிவிட்டுக் கியர் மாற்றும் வால்வ் பாடியில் போய் மாட்டினால் கியர் மாறும் இடத்தில் வால்வ் சிக்கி நிற்கும். நூல் உதிராத துணி வேண்டும், அல்லது மெல்லிய தோல் துண்டு. ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு சூழ்ந்த ஊரில் தோல் துண்டுக்குப் பஞ்சமில்லை. வழுவழுப்பான பக்கத்தால் துடையுங்கள், சொரசொரப்பான பக்கம் தூள் உதிர்க்கும்.

வடிப்பதற்கு முன்

ஆயிலைத் தொடுவதற்கு முன் வண்டியை ஒரு நடை ஓட்டிப் பார்த்து, எப்படி மாறுகிறது என்று எழுதி வையுங்கள். எந்தக் கியரிலிருந்து எதற்குப் போகும்போது அடிக்கிறது, எங்கே ஆர்.பி.எம். ஏறி வண்டி பின்தங்குகிறது, டி-யில் (டிரைவ்) போட்டதும் எத்தனை நொடியில் பிடிக்கிறது. வேலை முடிந்த பிறகு ஒப்பிட இதுதான் ஆதாரம். நினைவை நம்பினால் எல்லாம் ‘பரவாயில்லை’ ஆகிவிடும்.

அடுத்து டிப்ஸ்டிக். இதைச் சூட்டில், சமதளத்தில், எஞ்சின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்க, லீவர் பி-யில் (பார்க்கிங்) இருக்கப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஆயில் போல நிறுத்திவிட்டுப் பார்த்தால், கன்வெர்ட்டரிலிருந்து இறங்கிய ஆயிலும் சேர்ந்து தவறான அளவு காட்டும். மேல், கீழ் கோடு இரண்டும் 80 டிகிரிச் சூட்டுக்கானவை. குளிர்ந்திருக்கும்போது கீழ்க்கோட்டுக்கும் கீழேதான் நிற்கும். அதைப் பார்த்துப் பதறி ஊற்றிவிட்டு, சூடானதும் அதிகமாகி நுரைத்து வழிவது இந்த வண்டிகளில் அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டு கோட்டுக்கும் இடையே உள்ளது வெறும் 0.3 லிட்டர், அதாவது ஒரு டம்ளர் சொச்சம்.

ஒரு சொட்டு எடுத்து வெள்ளைக் காகிதத்தில் விடுங்கள். சிவப்போ செம்பழுப்போ என்றால் நல்லது. கரும்பழுப்பு, ஆனால் கருகல் வாடை இல்லை என்றால் காலம் கடந்துவிட்டது, மாற்றலாம். கருகிய நெடியும் கறுப்பும் இருந்து, வண்டியும் வழுக்கினால் மாற்றுவதால் குணமாகாது. அதைத் தெரிந்துகொண்டே செய்யுங்கள். பால் கலந்த இளஞ்சிவப்பாக இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகித் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டியை அதற்கு மேல் ஒரு தெரு கூட ஓட்டாதீர்கள். தண்ணீர் பட்டால் கிளட்ச் தகட்டின் பசை இளகி உரியும்.

வடிப்பது

20 நிமிடம் ஓட்டி, பிறகு அரை மணி ஆற விடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் போதும். கொதிக்கும் ஆயில் முழங்கை வரை வழிந்து வரும். லாரிப் பட்டறையில் குழி இருந்தால் அதுவே சிறந்த இடம், வண்டி சமமாகவும் நிற்கும். வீட்டில் செய்வதானால் நான்கு பக்கமும் ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக்கூடாது, செங்கல் அடுக்கியும் போகக்கூடாது.

பேனைச் சுற்றி மண்ணைக் கழுவித் துடைத்துவிட்டு, ப்ளக்கின் ஆறுமுனைப் பள்ளத்துக்குள் இருக்கும் சகதியை ஊசியால் தோண்டி எடுங்கள். பாதி அழுக்கோடு ஆலன் கீயை மாட்டித் திருகினால் முனை வழுக்கி உருண்டையாகிவிடும்; பிறகு வெல்டிங் வரை போகும். பிட்டை உள்ளே வைத்துச் சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டி, ஆழமாக உட்கார்ந்ததும் ஒரே வேகத்தில் உடைத்துத் திருப்புங்கள்.

பேன் ஆயில் வடிவது மொத்தத்தில் ஒரு பங்குதான். மீதி கன்வெர்ட்டருக்குள் இருக்கிறது. கன்வெர்ட்டரை விட்டுவிட்டு பேனை மட்டும் வடித்தால் பழைய கரும் ஆயிலோடு புது ஆயிலைக் கலந்த கதைதான். எஞ்சினும் பெட்டியும் சேரும் இடத்தில் உள்ள மணி வடிவக் கூடான பெல் ஹவுசிங்கின் அடிப்பக்கத்தில் ஒரு திறப்பு இருக்கும். பி-யில் போட்டு, கை பிரேக் இழுத்து, இன்னொருவரை முன்னால் நிற்க வைத்து 27 சாக்கெட்டால் கிராங்க் போல்ட்டை முன்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாக மெல்லச் சுற்றச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றக்கூடாது. அந்தத் திறப்பில் கன்வெர்ட்டரின் ப்ளக் தெரிந்ததும் நிறுத்தி, அதே 5 ஆலன் கீயால் கழற்றுங்கள். மெல்லத்தான் வடியும், டீ குடித்துவிட்டு வரலாம்.

வடிந்ததை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 4 லிட்டர்தான் வந்தது என்றால் வண்டி குறைந்த ஆயிலில் ஓடியிருக்கிறது, அல்லது கன்வெர்ட்டர் முழுதாக வடியவில்லை.

பேன், ஃபில்டர்

பேனில் 13 தலை போல்ட் ஆறு. ஒரு பக்கத்து போல்ட்டுகளைச் சற்று விட்டுவைத்து மறுபக்கம் கழற்றினால் பேன் சாய்ந்து மிச்ச ஆயில் ஒழுங்காக இறங்கும். இறக்கியதும் கழுவிவிடாதீர்கள். அந்தப் பேனின் அடியில் இருப்பதுதான் பெட்டியின் மருத்துவ அறிக்கை. விரலால் வழித்தால் மெல்லிய சாம்பல் மை போல் ஒட்டுவது இயல்பு, கிளட்ச் தகடு இத்தனை காலம் வேலை செய்த அடையாளம். கறுப்புச் செதில்கள் தகடு உரிவதைச் சொல்லும். மஞ்சள் மினுக்கம் புஷ் தேய்வது. வெள்ளி நிறக் கடினத் துணுக்கு, நகத்தில் உறைத்தால், பேரிங்கோ கியரோ. உடைந்த பிளாஸ்டிக் அல்லது ரப்பர்த் துண்டு கிடந்தால் உள்ளே ஒரு சீலோ பிஸ்டனோ போயிருக்கிறது. ஒரு டப்பாவில் போட்டு வைத்து, பெட்டி பிரிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

ஃபில்டரை மூன்று ஸ்டார் ஸ்க்ரூ பிடித்திருக்கும். எடுத்ததும் மேலிருந்து இன்னும் கொஞ்சம் ஆயில் கொட்டும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். மேலே தெரியும் வால்வ் பாடியின் போல்ட்டுகளை, தளர்ந்திருப்பது போல் தோன்றினாலும் தொடாதீர்கள். சொட்டு நிற்கும் வரை ஒரு கால் மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, பேனை டீசலில் கழுவி, காற்றில் உலர்த்தித் தோல் துண்டால் துடையுங்கள்.

பூட்டும்போது கை இழுக்கிற பக்கம் போகக்கூடாது. ஃபில்டர் ஸ்க்ரூ 4 நியூட்டன் மீட்டர், பேன் போல்ட் 8, டிரெய்ன் ப்ளக் இரண்டும் 14. லாரி வேலை செய்த கைக்கு இது ‘முடுக்கவே இல்லை’ என்று தோன்றும் அளவு. ஆனால் கேஸ் அலுமினியம். மரை போனால் ஹெலிகாயில் (புது மரைக்கான கம்பிச் சுருள்) போட வேண்டிவரும். ரப்பர் பேக்கிங்கை உலர்வாகவே வைக்க வேண்டும். ஷெல்லாக், சிலிக்கான் பேஸ்ட் எதுவும் தடவ வேண்டாம். பேஸ்ட் தடவினால் முடுக்கும்போது ரப்பர் வெளியே வழுக்கும். உள்ளே பிதுங்கும் பேஸ்ட் நூல் நூலாகப் பிய்ந்து ஃபில்டர் வாயை அடைக்கும். பேக்கிங் உட்காரவில்லை என்றால் பேனின் விளிம்பு வளைந்திருக்கிறது. முன்பு யாரோ அதிகம் முடுக்கிய தடம் அது. தட்டையான இரும்பின் மேல் வைத்து விளிம்பைத் தட்டி நேராக்குங்கள்.

கன்வெர்ட்டர் ப்ளக்கை முதலில் முடுக்குங்கள். எஞ்சினைச் சுற்றிவிட்டால் அது மேலே போய்விடும், பிறகு தேட வேண்டும்.

ஊற்றுவது

டிப்ஸ்டிக் குழாய்தான் ஊற்றும் வழி. எஞ்சின் நின்றிருக்க 4 லிட்டர் ஊற்றுங்கள். பி-யில் வைத்து ஸ்டார்ட் செய்து, ஐடிலிலேயே மீதியைக் கால் கால் லிட்டராகச் சேருங்கள். நிறுத்திய நிலையிலேயே முழு அளவையும் ஊற்றினால் பேனில் இடம் இல்லாமல் வழியும். குறைவாக ஊற்றி நெடுநேரம் ஓட்டினால் பம்ப் காற்றை இழுக்கும். 5 லிட்டரைத் தாண்டியதும் பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில நொடி நிறுத்திக் கீழே வரை போய் மீண்டும் பி-க்கு வாருங்கள். ஒவ்வொரு கிளட்சும் பிரேக் பேண்டும் (பிடிப்புப் பட்டை) தன் பங்கு ஆயிலை நிரப்பிக்கொள்ளும். இந்த நேரத்தில் டிப்ஸ்டிக் கீழ்க்கோட்டுக்குக் கீழே நின்றால் போதும்.

பிறகு பைபாஸில் பள்ளிகொண்டா பக்கம் வரை போய்த் திரும்புங்கள். திரும்பியதும் நிறுத்தாமல், சமதளத்தில், ஐடிலில், பி-யில் வைத்துப் பார்த்து இரண்டு கோட்டுக்கும் நடுவில் வரும்படி சேருங்கள். அதிகமாகிவிட்டால் விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். சுழலும் கியர்கள் மேலெழுந்த ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் அழுத்தம் நிற்காது, வழுக்கும், மூச்சுக் குழாய் வழியே வெளியேறிச் சூடான சைலன்சரில் விழும். சிரிஞ்சில் மெல்லிய குழாய் மாட்டி டிப்ஸ்டிக் வழியாக உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை? வேலூர் வெயிலுக்கு 45,000 – 50,000 கிலோமீட்டர். வண்டி கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுப்பது என்றால் கிலோமீட்டரைப் பார்க்காமல் 4 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பல வருடம் மாற்றாமல் கிடந்த வண்டி என்றால் முதல்முறை மாற்றி 3,000 கிலோமீட்டருக்குப் பிறகு ஆயிலை மட்டும் இன்னொரு முறை மாற்றுவது நல்லது. மெஷின் வைத்து அழுத்தத்தில் ‘ஃப்ளஷ்’ செய்கிறோம் என்பவர்களைத் தவிருங்கள். மூலையில் படிந்து கிடப்பதைக் கிளப்பி வால்வுக்கு அனுப்பும் வேலை அது.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் விடாதீர்கள். பாலாறு பட்டது போதும். சென்ட்ரிங் பலகைக்குத் தடவக் கேட்டு வருவார்கள், அதற்கும் வேண்டாம். பழைய ஆயில் எடுப்பவரிடம் மூடிய கேனில் கொடுங்கள்.

கியர் அடிக்கிறதா? வேக்குவத்தைப் பாருங்கள்

ஆயில் மாற்றிய பிறகும் கியர் மாறும்போது ‘டங்’ என்று முதுகில் தள்ளுகிறதென்றால் அநேகமாகப் பெட்டி மேல் குற்றம் இல்லை. கியர் எவ்வளவு மென்மையாக மாற வேண்டும் என்பதை இந்தப் பெட்டிக்குச் சொல்வது வேக்குவம். பெட்டியின் பக்கவாட்டில் வட்டமான தகர டப்பா ஒன்று, ரப்பர் குழாய் செருகியபடி இருக்கும், அதுதான் மாடுலேட்டர். வேக்குவம் அதிகம் வந்தால் உள் அழுத்தம் குறைந்து கியர் மெல்ல மாறும். பெடலை மிதிக்க மிதிக்க வேக்குவம் குறைந்து, அழுத்தம் கூடி, இறுக்கிப் பிடிக்கும். குழாய் விரிந்து வேக்குவமே வரவில்லை என்றால் பெட்டி எப்போதும் முழு மிதியில் இருப்பதாக நினைத்து அடிக்கும்.

பெட்ரோல் வண்டியில் இந்த வேக்குவம் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வருகிறது. ஐடிலில் 16 முதல் 20 அங்குல மெர்க்குரி (வேக்குவத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். டீசலில் கதை வேறு. அங்கே தனி வேக்குவம் பம்ப். 20 அங்குலத்துக்கு மேல் இழுக்க வேண்டும். அதை இன்ஜெக்‌ஷன் பம்ப் மேல் உட்கார்ந்திருக்கும் கட்டுப்பாட்டு வால்வ் மிதிக்கு ஏற்பக் குறைத்து மாடுலேட்டருக்கு அனுப்பும். டபிள்யூ 123 டீசலில் இதே பம்ப்தான் கதவு சென்ட்ரல் லாக்கையும், சாவியைத் திருப்பினால் எஞ்சினை அணைப்பதையும் செய்கிறது. ஆக, பின் கதவுக்குள் இருக்கும் ஒரு ரப்பர்ச் சவ்வு கிழிந்தால் கியர் அடிக்க ஆரம்பிக்கும். கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தவர்கள் கதவுத் தட்டியைக் கழற்றிப் பார்க்க மாட்டார்கள்.

கண்டுபிடிக்க வழி எளிது. எஞ்சின் ரூமில் லாக்குக்குப் பிரியும் குழாயைக் கழற்றி, பம்ப் பக்கத்து முனையைச் சரியான அளவு ஸ்க்ரூ ஒன்றால் அடைத்துவிட்டு ஓட்டுங்கள். அடி குறைந்தால் கசிவு லாக் பக்கம். சாவியை எடுத்தும் எஞ்சின் சில நொடி ஓடி நிற்கிறதா? அதுவும் அதே நோயின் அறிகுறி. அடி குறையவில்லை என்றால் மாடுலேட்டருக்குப் போகும் பாதையில் உள்ள ரப்பர் இணைப்புகளை ஒவ்வொன்றாக வளைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் குழாய் பல ஆண்டு தாங்கும்; இரண்டு குழாயைச் சேர்க்கும் சிறு ரப்பர் முழங்கைகள்தான் எஞ்சின் சூட்டில் காய்ந்து வெடிக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள், விலை அற்பம்.

மாடுலேட்டரிலிருந்து ரப்பர் குழாயை உருவிப் பாருங்கள். உள்ளே சிவப்பு ஆயில் ஈரம் தெரிந்தால் சவ்வு கிழிந்துவிட்டது. பெட்டியின் ஆயிலை எஞ்சின் உறிஞ்சி எரித்துக்கொண்டிருக்கிறது. தரையில் ஒரு சொட்டுக் கசிவு இல்லாமல் டிப்ஸ்டிக் இறங்கிக்கொண்டே போவதற்கும், பெட்ரோல் வண்டியில் சைலன்சர் வெண்புகை விடுவதற்கும் இதுவே காரணம். இதைப் பார்க்காமல் எஞ்சின் ரிங் போய்விட்டதென்று எஞ்சினைப் பிரித்தால் பணம் வீண். கை பம்ப் இருந்தால் மாடுலேட்டருக்கு 15 அங்குலம் ஏற்றி அரை நிமிடம் நிற்கிறதா பாருங்கள். இறங்கினால் மாற்ற வேண்டியதுதான்.

மாடுலேட்டரின் மூடிக்குள் திருகு ஒன்று இருக்கும், அழுத்தத்தைக் கூட்டக் குறைக்க. அடியைக் குறைக்க அதைத் திருப்பிவிடுவது சுலபம், அதனால்தான் ஆபத்து. உண்மையான கசிவை மறைத்துவிட்டு அழுத்தத்தைக் குறைத்தால் கியர் பட்டாக மாறும். கிளட்ச் தகடு ஒவ்வொரு மாற்றத்திலும் வழுக்கிக் கருகும். கசிவுகள் எல்லாம் முடிந்த பிறகு மட்டும், பழைய நிலையைக் குறித்துக்கொண்டு, அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தொடுங்கள். சற்று இறுக்கமாக மாறுவதே பெட்டிக்கு ஆயுள்.

கேபிள், கிக்டவுன், புஷ்

எப்போது மாற வேண்டும் என்பது வேறு கணக்கு. அது ஆக்சிலரேட்டர் இணைப்பிலிருந்து பெட்டிக்குப் போகும் கேபிள் வேலை. ஐடில் நிலையில் கேபிளின் முனைக் கிண்ணம், குண்டின் மேல் இழுவையும் இல்லாமல் தொய்வும் இல்லாமல் உட்கார வேண்டும். இறுகியிருந்தால் கியர் தாமதமாக மாறும். தொய்ந்திருந்தால் அவசரப்பட்டு மேல் கியருக்கு ஓடி எஞ்சின் திணறும். அடிக்கிறது என்றால் வேக்குவம், நேரம் தப்புகிறது என்றால் கேபிள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் நாள் முழுக்கத் திருகிக்கொண்டிருக்கலாம்.

பெடலை முழுக்க மிதித்தும் கியர் இறங்கவில்லையா? பெடலுக்கு அடியில் இருக்கும் கிக்டவுன் ஸ்விட்ச், அதன் ஃபியூஸ், பெட்டியில் உள்ள சாலினாய்டுக்குப் போகும் ஒயர், இவ்வளவுதான். அதற்கு முன் தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். தடித்த மேட் போட்டால் பெடல் ஸ்விட்ச் வரை போகாது.

லீவர் லொடலொடவென்று ஆடி, பி-யில் இருந்தும் ஸ்டார்ட்டர் சுற்றவில்லை என்றால் லீவர் கம்பியின் பிளாஸ்டிக் புஷ் தூளாகியிருக்கும். சிறு பொருள்தான். ஆனால் அலட்சியம் செய்தால் லீவர் ஓரிடம், உள்ளே வால்வ் ஓரிடம் என்று பாதிப் பிடிப்பில் ஓடித் தகடு கருகும்.

டி-யில் போட்டதும் வண்டி குலுங்கினால் ஐடிலைப் பாருங்கள், 1,000-க்கு மேல் இருந்தால் குலுங்கத்தான் செய்யும். பிறகு ஆயிலில் ஊறிப்போன பின் மவுண்டிங், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ரப்பர்த் தட்டில் போல்ட் துளையைச் சுற்றி விரிசல்.

சூடும் ஏற்றமும்

மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் இந்தப் பெட்டிக்குப் பெரிய எதிரி சூடுதான். கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருப்பதால், ரேடியேட்டர் பாதி அடைத்தால் கியர்பாக்ஸும் வேகும். உப்பு ஏறிய போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டும். உள்ளூரில் ரேடியேட்டரைப் பிரித்து அடைப்பு எடுக்கக் கொடுத்தால், ஆயில் கூலரையும் தனியாக அழுத்தம் ஏற்றித் தண்ணீரில் முக்கிக் காட்டச் சொல்லி, குமிழி வரவில்லை என்று பார்த்த பிறகே வாங்குங்கள்.

கிரீன் சர்க்கிள் நெரிசலில் நெடுநேரம் நிற்பதானால் என்-னுக்கு (நியூட்ரல்) மாற்றிக்கொள்ளலாம். ஏலகிரி ஏறும்போது, 14 கொண்டை ஊசி வளைவுக்கும் டி-யிலேயே விட்டால் ஒவ்வொரு வளைவிலும் கியர் மேலும் கீழும் அலைந்து ஆயில் கொதிக்கும். டபிள்யூ 123-இல் எஸ், டபிள்யூ 124-இல் 3 என்ற நிலையில் வையுங்கள். செங்குத்தான வளைவிலும் இறக்கத்திலும் இன்னும் ஒன்று கீழே, எல் அல்லது 2.

வழியில் நின்றுவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. எஞ்சின் ஓடாமல் பம்ப் அழுத்தம் தராது. அதே காரணத்தால் பின் சக்கரம் தரையில் உருள நெடுந்தூரம் கட்டி இழுத்துப் போகவும் கூடாது, உள்ளே ஆயில் ஓட்டம் இல்லாமல் காய்ந்து சுழலும். முழு வண்டியையும் ஏற்றும் ஃப்ளாட்பெட் கூப்பிடுங்கள். கிடைக்காத இடம் என்றால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பின் ஆக்சில் பக்கம் கழற்றி, கம்பியால் மேலே தூக்கிக் கட்டிவிட்டு இழுக்கச் சொல்லுங்கள்; கழற்றிய போல்ட், நட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டேஷ்போர்டு பெட்டியில் வையுங்கள்.